நெஞ்சில ஒரு ஆபரேஷன்

2022 ஆவணியில் ஒரு சனிக்கிழமை, குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி மாமி தக்கலையில் இருக்கும் என் கண்ணாடிக்கடைக்கு வந்தார். அப்பாவின் கடைசித் தங்கை. கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம், வழக்கம் போல.

“மக்களே, கண்ணாடிய மாத்தணும். வலது கண்ணுல மேப்பாதி மறைக்கு.”

மாமிக்கு அப்போது 61 வயது. பால்வெட்டு வேலை. விடியற்காலம் நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினால் 300 மரம் முடித்துவிட்டுத்தான் கட்டன்சாயா. பட்டையில் கத்தி இறங்கவேண்டிய ஆழம் மில்லிமீட்டர் கணக்கு. கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் சிரட்டையில் பால் சொட்டாது. அப்படிப்பட்ட வேலையில் முப்பது வருடம் நின்றவருக்குத் தன் கண்ணைப் பற்றித் தெரியாதா? தெரிந்துதான் வந்தார். எனக்குத்தான் தெரியவில்லை.

பரிசோதித்தேன். தூரப்பார்வை இரண்டு கண்ணிலும் 6/9. பவர் பெரிதாக மாறவில்லை. வலது மேலிமை கொஞ்சம் தடித்திருந்தது. லேசான சிவப்பு, இருந்தும் இல்லாத மாதிரி. வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்றார். பீளை? இல்லை. அரிப்பு? அதுவும் இல்லை.

“கண்கட்டிதான் மாமி. வெந்நீர்ல துணிய முக்கி ஒத்தடம் குடுங்க. ரெண்டு வாரத்துல போயிரும்.”

அந்த “தான்” இன்றைக்கும் உறுத்துகிறது. நான் டாக்டர் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு 22 வருடமாகப் பவர் அளக்கிறவன். அளக்கிறவனுக்கு ஒரு நோய் உண்டு: கண் வழியாகத்தான் பார்ப்பான், கண்ணைப் பார்க்கமாட்டான். “இது தெளிவா, அது தெளிவா” என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இமை என்பது எனக்கு ஃபிரேம் இடிக்கக்கூடாத ஓரம், அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப் போவதெல்லாம் பிற்பாடு, நடந்த பிறகு, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது.

கண்கட்டி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சமாசாரம். ஒன்று இமைமுடியின் வேரில் கிருமி ஏறி வருவது. சிவந்து, விண் விண்ணென்று தெறித்து, சீழ் கட்டி, உடைந்து போய்விடும். மற்றொன்று இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவது. மேலிமைக்குள் அப்படி முப்பது சுரப்பி போல வரிசையாக நிற்கிறது. அதில் ஒன்று அடைத்தால் உள்ளே பயறு போல ஒரு உருண்டை. வலி அதிகம் இருக்காது. மேலே தோலை நகர்த்தினால் தோல் தனியாக நகரும், பயறு அடியில் தனியாகத் தட்டுப்படும். ஒத்தடத்தில் கரையலாம். கரையாவிட்டால் டாக்டர் இமையைப் புரட்டி, உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார். பத்து நிமிட வேலை.

மாமிக்கு இருந்ததில் பயறு இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல எல்லையும் இல்லை. இமை முழுக்க ஒரே சீராகத் தடித்துக் கனத்துக் கிடந்தது. நான் விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொடவில்லை. அதை முதலில் சரியாகச் சொன்னது மாமிதான், மூன்று வாரம் கழித்து போனில்:

“ஒத்தடம் குடுத்துக் குடுத்து கைதான் வெந்துச்சு. இமை நம்ம ரப்பர் ஷீட் மாதிரி கிடக்கு மக்களே. வளைய மாட்டேங்கு.”

எந்தக் கண் டாக்டரும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது. ஆனால் மாமி எழுதவில்லை, சொன்னார். சொன்னதை நான் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் வீட்டு வைத்தியம் தொடங்கிவிட்டது. அம்மா நாமக்கட்டி உரைத்துப் போடச் சொன்னாள். ஞாயிறு ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் நின்றவர்களில் ஒருத்தி உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக வைக்கச் சொன்னாள், இன்னொருத்தி தைராய்டு என்றாள், மூன்றாவது ஆள் ரப்பர்ப் பால் தெறித்திருக்கும் என்றார். கடைசியாகச் சொன்னது அவ்வளவு மோசமான யூகம் இல்லை. பால் கண்ணில் தெறிப்பது வெட்டுகிறவர்களுக்கு எப்போதும் உள்ள தொல்லைதான். ஆனால் அது தெறித்தால் எரியும், கலங்கும். இப்படி மௌனமாக இருக்காது.

புரட்டாசியில் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் காட்டினார். களிம்பு கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து மாத்திரை. அதிலும் கேட்காததால் “கீறிச் சுரண்டிவிடலாம், வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று ஒரு சீட்டு. அந்தக் கிளினிக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் என்னைப் போலத்தான், தினம் நூறு கண்கட்டி பார்க்கிறவர்கள். நூற்றியொன்றாவதும் கண்கட்டியாகத்தான் தெரியும்.

ஆனால் அந்தக் கிளினிக் சீட்டில் ஒரு வரி இருந்தது. நான் அதைப் பார்த்தது பிறகுதான். “சுகர் இல்லை. பிரஷர் இல்லை. இதய அறுவை சிகிச்சை.”

மாமிக்கு இதய அறுவை சிகிச்சை எப்போது நடந்தது?

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஐப்பசி மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி நுழைவதற்குள் நனைந்துவிட்டோம். சுரண்டுவதற்கு முன்னால் பிரஷர் பார்க்க ஒரு சிஸ்டர் வந்தார். சின்ன வயது, பேச்சில் விளவங்கோட்டுப் பக்கத்து மலையாள வாடை. பட்டையை எடுத்து மாமியின் இடது கையில் சுற்றப் போனார்.

“அந்தக் கையில வேண்டாம் சிஸ்டர். வலதுல கெட்டுங்க.”

“ஏன் அம்மா, வலிக்கா?”

“வலியில்ல. அந்தக் கையில ஊசி போடப்படாது, பிரஷர் பாக்கப்படாதுன்னு சொல்லியிருக்கு.”

சிஸ்டர் பட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். “ஆரு சொன்னா?”

“திருவனந்தபுரத்துல. நெஞ்சில ஒரு ஆபரேஷன் ஆச்சுல்லா, அப்போ.”

சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், பிறகு மாமியின் கையைப் பார்த்தார். சேலைத் தலைப்புக்குள் எப்போதும் மறைந்திருக்கும் அந்த இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் பருமன். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போய்விட்டது. என்னை வெளியே போகச் சொன்னார். திரையை இழுத்துவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் சிஸ்டர் கேட்டது விழுந்தது:

“நெஞ்சிலன்னா ஹார்ட்டா, அம்மா? இல்ல...”

மாமி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சபையில் சாட்சி சொல்லும்போதுகூடக் கேட்டிராத சின்னக் குரலில், “முலையில” என்றார்.

2011-இல் நடந்தது அது. எனக்குத் தெரியும், குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். இடது மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அந்தக் கை வீங்குவதும் அதில் ஊசி குத்தக்கூடாது என்பதும் அதனால் வந்த வினை. பிறகு ஐந்து வருடம், புற்று திரும்ப வராமலிருக்க, டாமாக்சிஃபென் மாத்திரை, ஒரு நாள் தவறாமல். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் ரயிலேறித் திருவனந்தபுரம்தான். 1981-இல் அங்கே தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.க்கு நாகர்கோவிலில் இருந்தும் இரணியலில் இருந்தும் குழித்துறையில் இருந்தும் விடிகாலை வண்டியில் போகிறவர்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், மடியில் ஒரு நீள ஃபைல் இருக்கும். மாமியும் ஒன்பது வருடம் அந்த வண்டியில் போனார். 2020-இல் கொரோனா வந்து ரயில் நின்றது. ரயில் திரும்ப ஓடியபோது மாமி போகவில்லை. “பத்து வருஷம் ஆகப்போகுல்லா, இனி என்ன” என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நான் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வலிக்குதா, பீளை வருதா, அரிக்குதா. எல்லாம் இமையைப் பற்றி. கிளினிக்கில் கேட்டது சுகர், பிரஷர், ஆபரேஷன். ஆபரேஷன் என்று கேட்டபோது மாமி ஒளிக்கவில்லை. சொன்னார். ஆனால் வாயில் வரக்கூடிய சொல்லில் சொன்னார். நெஞ்சு. எழுதியவர் அதை ஹார்ட் என்று புரிந்துகொண்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு சொல் நடுவில் நின்று பதினோரு வருட நோயை மறைத்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்திருவிதாங்கூர் எங்கள் மண். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண். மார்பை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக எங்கள் பாட்டிகளின் பாட்டிகள் பல பத்தாண்டுகள் அடி வாங்கி, 1859-இல் மன்னரின் பிரகடனம் வரும்வரை சளைக்காமல் நின்றார்கள். அந்தக் கதையை மேடை போட்டுப் பேசுகிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் என்று பெருமைப்படுகிறோம். வீட்டுக்கு ஒரு நர்ஸ், ஒன்று குவைத்தில், ஒன்று டெல்லியில். மாமியின் மகளே மஸ்கட்டில் நர்ஸ். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் 1922-இல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, இங்கேயே தங்கி வயிறு வயிறாக அறுத்துத் தைத்த கதை எங்கள் தாத்தாமாருக்கு வாய்ப்பாடு. ஆஸ்பத்திரி எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் மறைக்கும் உரிமையை அத்தனை கஷ்டப்பட்டு வாங்கியதாலோ என்னவோ, அந்த உறுப்பின் பெயரையும் சேர்த்து மறைத்துவிட்டோம். இது என் யூகம்தான். மாமியிடம் சொன்னேன். “உனக்கு வேற சோலி இல்லியா” என்றார்.

திரும்ப அந்த அறைக்கு வருகிறேன். டாக்டர் அம்மா வந்தார். சுரண்டுவதற்குத் தட்டில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. சிஸ்டர் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் உட்கார்ந்து, முதலில் இரண்டு இமையையும் பெருவிரலால் மாறி மாறி அழுத்திப் பார்த்தார். பஞ்சுக்குச்சியை மேலே வைத்து வலது இமையைப் புரட்ட முயன்றார். இடது இமை சுலபமாகப் புரண்டது, வலது புரளவில்லை. தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார், தோல் தனியாக வரவில்லை, அடியோடு ஒட்டிக்கிடந்தது. விளக்கை அருகே கொண்டுவந்து இமைமுடியை எண்ணுகிற மாதிரி பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் முடி உதிர்ந்திருந்தது. நான் மூன்று மாதமாகப் பார்க்காத நான்கு விஷயத்தை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தார். பிறகு கத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, “சுரண்ட வேண்டாம். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம்” என்றார்.

“கேன்சரா டாக்டர்?” மாமியே கேட்டார்.

“தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் எடுக்கேன். பழைய ஃபைல் இருக்கா?”

இருந்தது. டிரங்குப்பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில். அதில் 2011-இல் எழுதிய நோயியல் அறிக்கை. நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை, படித்தாலும் விளங்கியிருக்காது. டாக்டர் அதில் ஒரே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்: லோபுலார்.

மார்பகப் புற்றில் பல வகை. பெரும்பாலானவை கட்டியாகத் திரள்வன. பத்தில் ஒன்று, கொஞ்சம் கூடவும் இருக்கலாம், இந்த லோபுலார் வகை. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துவைக்கும் ஈ-கேடெரின் என்ற புரதம் இதில் பெரும்பாலும் இருக்காது. ஒட்டு விட்டுப்போனதால் செல்கள் திரண்டு நிற்பதில்லை. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடப்பது போல, நார்களுக்கு இடையே வரிசை கட்டிப் போகின்றன. மார்பிலேயே இது கட்டியாகத் தட்டுப்படாமல் வெறும் தடிப்பாகத் தெரிவது உண்டு. பரவும்போதும் மற்ற வகைகள் அதிகம் போகாத இடங்களுக்குப் போகும்: இரைப்பை, குடலை மூடும் சவ்வு, சினைப்பை, கண்குழி, இமை. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால் பத்து வருடம், அதற்கு மேலும் தூங்கிக் கிடந்துவிட்டு எழும்பும். ரப்பர் ஷீட் மாதிரி கிடக்கு என்று மாமி சொன்னதற்கு இதுதான் விளக்கம். உருண்டையாகக் கட்டத் தெரியாத செல்கள் இமை முழுக்கப் பாய் விரித்துவிட்டன.

சதைத்துணுக்கோடு போன தாளில் டாக்டர் தன் கையால் எழுதினார்: 2011 இடது மார்பகப் புற்று, லோபுலார். அதை எழுதியது எவ்வளவு பெரிய காரியம் என்று அறிக்கை வந்தபோதுதான் புரிந்தது. இமைக்கு வரும் இந்தச் செல்கள் நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியுமாம். வீக்கம் வந்த இடத்தைத் துப்புரவு செய்ய வரும் நல்ல செல்களைப் போலவே முகம் காட்டும். சாதாரணச் சாயத்தில் மட்டும் பார்த்தால் “நாள்பட்ட அழற்சி” என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. பழைய நோய் தெரிந்திருந்ததால் நோயியல் நிபுணர் விடாமல் தனிச் சாயங்கள் போட்டுப் பார்த்தார்: இது மேற்படலத்தில் பிறந்த செல்லா என்று காட்டும் சைட்டோகெரட்டின், மார்பிலிருந்து வந்ததா என்று சொல்ல உதவும் காட்டா-3, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையா என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. மூன்றும் பிடித்தன. பழைய மார்பகப் புற்றுதான் இமைக்கு வந்திருந்தது. முதல் அறிக்கைக்கும் இரண்டாவதற்கும் இடையே எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் கடையில் எல்லாருக்கும் லென்ஸைத் திருப்பி வைக்கவேண்டிய அச்சைத் தப்புத்தப்பாகக் குறித்தேன், இரண்டு லென்ஸ் வீணாயிற்று.

இவ்வளவும் கேட்டு யாரும் கண்கட்டியைப் பார்த்து நடுங்க வேண்டாம். இமையில் வரும் புற்றே குறைவு. அதிலும் வேறிடத்திலிருந்து பரவி வந்தது நூற்றுக்கு ஒன்றுகூட இராது. வருவதில் மார்பகத்திலிருந்து வருவதுதான் அதிகம். அதன் பிறகு மெலனோமா என்ற தோல் நிறமிப் புற்று, நுரையீரல், சிறுநீரகம் என்று போகும். எப்போதும் மாமியைப் போலப் பாய் விரித்து வரும் என்றும் இல்லை. தனிக் கட்டியாக வரலாம், புண்ணாக வரலாம். சிலருக்கு உடம்பில் புற்று இருப்பதே இமை சொல்லித்தான் முதன்முதலில் தெரியும், கேட்பதற்குப் பழைய கதையே இருக்காது. இமையைத் தாண்டிக் கண்குழிக்குள் போனால் கண் பிதுங்கும் என்றுதான் நினைப்போம். மார்பிலிருந்து வந்த சில வகைகளில் திசு நாராகச் சுருங்கிக் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். ஒரு கண் சின்னதாகிவிட்டது என்று கண்ணாடிக்கடைக்கு வருகிற ஆளை நான் இனிச் சும்மா அனுப்பமாட்டேன்.

இமையிலேயே பிறக்கும் புற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் நம் ஊரில் கூடுதல் பார்க்கக்கூடியது. வெள்ளைக்காரர்களுக்கு இமையில் வருவது பெரும்பாலும் தோலின் அடிசெல் புற்று. நம் நாட்டில் அந்த எண்ணெய்ச் சுரப்பியிலேயே பிறக்கும் புற்றின் பங்கு அங்கே இருப்பதைவிட மிக அதிகம். அதுவும் கண்கட்டி வேடம்தான் போடும். வயதானவருக்குச் சுரண்டிய இடத்திலேயே கட்டி திரும்ப வந்தால் சுரண்டியதைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

மாமிக்கு அடுத்து உடம்பு முழுக்க ஸ்கேன். இமைக்கு வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் வேறு இடத்திலும் இருக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் இருந்தது. இமையை மட்டும் அறுத்து எடுத்துப் பயனில்லை, இது இமையின் நோயே இல்லை என்றார்கள். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை, எலும்புக்கு ஊசி, கூடவே புற்றுச்செல் பெருகாமல் தடுக்கும் பால்போசிக்ளிப் என்ற மாத்திரை. கடைசியாகச் சொன்னதன் விலையைக் கேட்டு மாமி, “எனக்கு வேண்டாம், அந்தப் பைசாவுக்குப் பேத்திக்கு ஒரு மாலை எடுக்கலாம்” என்று எழுந்தேவிட்டார். நல்லகாலம், 2023 ஜனவரியில் அதன் காப்புரிமை முடிந்து உள்நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை வந்தது. விலை தாங்கும்படி இறங்கியது. மஸ்கட்டிலிருந்து மகள் அனுப்பினாள். மாலையும் பிறகு வந்தது, அது வேறு கதை.

குடும்பத்தில் காரணம் தேடும் வேலை நடந்துகொண்டே இருந்தது. மணவாளக்குறிச்சிக் கருமணல் என்றார் சித்தப்பா. அந்த மணலில் மோனசைட் உண்டு, தோரியம் உண்டு, கதிர்வீச்சு உண்டு, எல்லாம் உண்மை. ஆனால் மாமி வாழ்ந்தது மலையடிவாரத்தில், கடலைப் பார்ப்பதே ஏதாவது விசேஷத்துக்கு. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்று கூடியதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கடற்கரையில் வீட்டுக்கு வீடு சாவைக் கண்டவர், நான் வற்புறுத்தவும் இல்லை.

நான்கு மாதத்தில் இமை இளகத் தொடங்கியது. கிட்டத்தட்ட ஆறாம் மாதம் மாமி கண்ணாடிக்கு வந்தார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பார்க்கும் மல்டிஃபோக்கல் போட்டால் நாங்கள் ஃபிரேமோடு ஒரு போட்டோ எடுப்போம், கருவிழி எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளக்க. அன்று எடுத்துவிட்டு, ஏதோ தோன்றி, கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் தேடினேன். 2019-இல் எடுத்தது ஒன்று. 2021 கடைசியில் எடுத்தது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

2019-இல் இரண்டு மேலிமையிலும் மடிப்பு தெளிவாக இருக்கிறது. இமையைத் தூக்கும்போது விழும் அந்தக் கோடு. 2021-இல் இடதில் இருக்கிறது. வலதில், இமைமுடியின் பக்கமாக, பாதி அழிந்திருக்கிறது. மாமி என் கடைக்கு வந்து “மேப்பாதி மறைக்கு” என்று சொல்வதற்கு எட்டு மாதத்துக்கு முன்பே. அந்தப் படத்தை எடுத்தது நான். கருவிழியின் உயரத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டது நான். கோடு அந்த அழிந்த மடிப்புக்குக் கொஞ்சம் கீழே போகிறது.

அதற்குப் பிறகு கடையின் வாடிக்கையாளர் அட்டையில் ஒரு வரி சேர்த்தேன். சுகர், பிரஷர், அதற்குக் கீழே “கேன்சருக்கு எப்போதாவது சிகிச்சை எடுத்தது உண்டா (எந்த வருடமானாலும்)”. பெண்கள் வந்தால் என் மனைவி தனியாகக் கேட்பாள். நெஞ்சில ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் அவள் திரும்ப ஒரு தடவை கேட்பாள், சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்து. இதுவரை மூன்று பேர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். மூவருக்கும் கண்ணில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளெழுத்து.

போன மாதம் குளச்சலில் இருந்து ஒருவர் வந்தார், எழுபது வயதிருக்கும். கீழிமையில் ஒரு கட்டி. அட்டையை நிரப்பும்போது அந்த வரியைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“கண்ணாடிக்கு வந்தவன்கிட்ட கேக்குத கேள்வியாவே இது?”

கட்டியைக் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி வாசல்வரை போய்ச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மாமி அன்று கடையில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது பால்வெட்டு இல்லை, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க இறங்கி வரும்போது என் கடையில் உட்காருவார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மட்டிப்பழத்தை உரித்தபடி, “அவன் வருவான் மக்களே, கண்ணாடிய வச்சிட்டுல்லா போயிருக்கான்” என்றார்.

மேசையில் பார்த்தேன். வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.